சமையலறைச் சுவருக்குள் இருக்கும் கொள்கை: சேலத்தில் எரிவாயு இல்லாமல் கட்டப்பட்ட ஒரு குடியிருப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

சேலம் அழகாபுரம் பகுதியில், கீழே வண்டி நிறுத்தும் தளமும் மேலே நான்கு மாடிகளுமாக, மாடிக்கு நான்கு வீடு வீதம் 16 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு சில ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது. வீடுகளை விற்கும்போது கட்டுநர் எடுத்துச் சொன்ன முதல் சிறப்பு, இந்தக் கட்டடத்தில் சமையல் எரிவாயுவுக்கே வேலை இல்லை என்பதுதான். சிலிண்டர் வைக்கும் மாடம் கிடையாது, கேஸ் குழாய் கிடையாது; ஒவ்வொரு சமையலறையின் கிரானைட் மேடையிலும் இரண்டு தட்டு இண்டக்‌ஷன் அடுப்பு பதித்துத் தரப்பட்டது. குடிவந்து ஓராண்டு ஆவதற்குள் 16 வீடுகளில் 13 வீடுகள் சிலிண்டருக்கு மாறிவிட்டன. காரணம் என்ன என்று பார்த்துச் சொல்லும்படி குடியிருப்போர் சங்கத்தார் மின்வடிவமைப்பு ஆலோசகன் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். அங்கே நான் கண்டவற்றையும், புதிய கட்டடங்களை முழுக்க மின்சாரத்தில் இயங்கும்படி கட்டச் சொல்லும் உள்ளூர்க் கொள்கைகளுக்கு அவற்றிலிருந்து கிடைக்கும் பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் மாடியில் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்தார். "ரெண்டு அடுப்பையும் போட்டுட்டு இருக்கறப்ப பையன் குளிக்கப் போனா வீடே அணைஞ்சு போகுதுங்க தம்பி. இட்லி பாதி வெந்த நிலையில நிக்குது" என்றார். அவர் சொன்ன ஒரே வாக்கியத்தில் பழுது முழுவதும் அடங்கியிருந்தது. இரண்டு தட்டும் முழு வீச்சில் இயங்கினால் அந்த அடுப்பு 3.5 கிலோவாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 15 ஆம்பியர். குளியலறை கீசர் 2 கிலோவாட், அதாவது இன்னும் 9 ஆம்பியர். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கப்பட்டிருந்ததோ 4 கிலோவாட் ஒற்றை முனை இணைப்பு. அது தாங்கக்கூடியது 17 ஆம்பியரைச் சற்றே தாண்டிய அளவு. கேஸ் அடுப்பு உள்ள வீட்டுக்கு வழக்கமாக எவ்வளவு லோடு கேட்பார்களோ அதே அளவைக் கேட்டு வாங்கிவிட்டு, கேஸை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

சுவருக்குள் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அடுப்புக்கென்று தனி மின்சுற்று இல்லை. குளிர்சாதனப் பெட்டி, மிக்ஸி, கிரைண்டர் ஆகியவற்றுக்கான பவர் பிளக் வரிசையிலிருந்தே, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், அடுப்புக்கும் இணைப்பு எடுக்கப்பட்டிருந்தது. ஒரு வீட்டில் மேடைக்குக் கீழே இருந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, முனையின் பிளாஸ்டிக் பழுப்பேறி, கம்பியின் உறை விரல் நீளத்துக்குக் கருகியிருந்தது. சுமை மீறினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. விழுந்தது அந்தக் குடும்பத்துக்குத் தொல்லையாகத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அதுதான் அந்தச் சமையலறையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இவற்றைவிட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது சிலிண்டர்கள் வந்து அமர்ந்த இடம். எரிவாயுவே வராது என்ற எண்ணத்தில் வரையப்பட்ட வரைபடம் ஆகையால், அதற்கு வேண்டிய காற்றோட்டம் எங்குமே வைக்கப்படவில்லை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே எழும்பாமல் தரையோடு படர்ந்து தாழ்வான மூலையில் தேங்கும். அதனால்தான் சிலிண்டர் மாடத்துக்குத் தரையை ஒட்டித் துளை விடுவார்கள். இங்கே துணி துவைக்கும் சிறு அறையில், கதவை மூடினால் காற்றே புகாத இடத்தில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் சிலிண்டரை நிறுத்தி, சன்னல் இடுக்கு வழியாக ரப்பர் குழாயை இழுத்து அடுப்புக்குக் கொடுத்திருந்தார்கள். எரிவாயுவை விலக்க வந்த ஒரு முடிவு அரைகுறையாக நிறைவேற்றப்பட்டதால், அதே எரிவாயு முன்னைவிட ஆபத்தான முறையில் உள்ளே வந்துவிட்டது. இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான்.

கட்டுநரின் எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. உலகின் பல நகரங்கள் இதே திசையில் நடக்க முயன்றிருக்கின்றன. அவற்றில் சில தடுக்கியும் விழுந்திருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த பெர்க்லி நகர மன்றம், புதிய கட்டடங்களில் இயற்கை எரிவாயுக் குழாய் அமைக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் ஒரு சட்டம் இயற்றியது. அந்நாட்டில் இப்படிச் செய்த முதல் நகரம் அதுவே. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தை எதிர்த்துக் கலிபோர்னியா உணவகச் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2023 ஏப்ரலில், அமெரிக்க நடுவணரசு நீதிமன்றங்களில் ஒன்றான ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், நகரத்தின் சட்டம் செல்லாது என்றது. சாதனங்களின் எரிபொருள் பயன்பாட்டை முறைப்படுத்தும் அதிகாரம் 1975ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டத்தின்படி நடுவணரசுக்கே உரியது. அடுப்பைத் தடை செய்யாமல் அடுப்புக்கு வரும் குழாயைத் தடை செய்தாலும் விளைவு ஒன்றுதான் என்பது அத்தீர்ப்பின் சாரம். மறுவிசாரணைக் கோரிக்கை 2024 ஜனவரியில் மறுக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக நகரம் உடன்பட்டது. இதற்கிடையே 20க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள், உள்ளூர் அமைப்புகள் இத்தகைய தடை விதிக்கக் கூடாது என்று தாங்களே சட்டம் இயற்றிக்கொண்டன. அரிசோனா 2020இல் அதைத் தொடங்கிவைத்தது.

வேறு வழியில் போன இடங்களும் உண்டு. நியூயார்க் நகரம் 2021இல் இயற்றிய சட்டம் குழாயைப் பற்றிப் பேசவில்லை. கட்டடத்துக்குள் எரிக்கப்படும் எரிபொருளிலிருந்து வரும் கரியமில வாயுவுக்கு உச்சவரம்பு விதித்தது. ஏழு மாடிக்குக் குறைந்த கட்டடங்களுக்கு 2024 முதலும் அதைவிட உயர்ந்தவற்றுக்கு 2027 முதலும் அது பொருந்தும் என்றது. கலிபோர்னியாவின் மாநிலக் கட்டட ஆற்றல் விதிகளோ, 2023 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த பதிப்பில், தனி வீட்டில் கேஸ் அடுப்பு வைத்தாலும் அதன் அருகிலேயே மின்னடுப்புக்கான 240 வோல்ட் சுற்றும் மின்பகிர்வுப் பெட்டியில் அதற்கான இடமும் விட்டிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. கேஸ் வேண்டுமா மின்சாரம் வேண்டுமா என்பதைக் குடியிருப்பவர் பின்னால் முடிவு செய்துகொள்ளலாம். அந்த முடிவுக்குச் சுவர் குறுக்கே நிற்கக் கூடாது. செய்தித் தலைப்புகளில் அதிகம் இடம்பெறாத இந்தச் சிறு விதிதான் சேலத்துக்கு மிகவும் பொருந்துவது என்பது என் கருத்து.

ஏனென்றால் பெர்க்லி சந்தித்த தடையை ஒத்த ஒன்று நம் நாட்டிலும் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் எரிவாயு என்று ஒரு பதிவு இருந்தாலும், இயற்கை எரிவாயு நடுவணரசுப் பட்டியலுக்கே உரியது என்று குஜராத்தின் எரிவாயுச் சட்டம் தொடர்பாக 2004இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு தெளிவுபடுத்திவிட்டது. நகர எரிவாயு வினியோகத்துக்கு அனுமதி தருவது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். ஆகவே கேஸ் குழாயே கூடாது என்று ஒரு மாநகராட்சி தீர்மானம் போட்டால் அது நிற்பது அரிது. மாறாக, கட்டட அனுமதி முழுக்க மாநிலத்தின் கையிலும் உள்ளாட்சியின் கையிலும் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, மாநிலம் முழுவதற்கும் பொதுவானவை. அவற்றில் மின்னடுப்புக்கான தயார்நிலையைச் சேர்ப்பதற்கு எந்த எரிபொருளையும் தடை செய்யத் தேவையில்லை.

மேலை நாட்டுச் சட்டங்களை அப்படியே எடுத்துவரக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அங்கே எரிவாயுவின் பெரும்பகுதி செலவாவது குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதில். சேலத்தில் வீட்டைச் சூடாக்க யாரும் எதையும் எரிப்பதில்லை. கீசரும் பெரும்பாலும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. இங்கே முழு மின்மயம் என்பது கடைசியில் சமையல் மேடையைப் பற்றியது மட்டுமே. ஆகவே சமையலின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் ஏறத்தாழ 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் என்றால் 180 யூனிட். கேஸ் அடுப்பில் அதில் 60 விழுக்காடு பாத்திரத்தில் ஏறுகிறது என்று கொண்டால், பயனாவது 108 யூனிட். இண்டக்‌ஷன் அடுப்பு 85 விழுக்காட்டைப் பாத்திரத்துக்குக் கொடுக்கும் என்றால், அதே சமையலுக்கு மீட்டரில் ஓடுவது ஏறக்குறைய 127 யூனிட். நாற்பது நாளுக்கு ஒரு சிலிண்டர் தீர்க்கும் குடும்பத்துக்கு, இரண்டு மாதக் கணக்கில் இது 190 யூனிட் கூடுதல் சுமை. அந்தக் குடும்பம் ஏற்கெனவே 360 யூனிட் செலவழித்துக்கொண்டிருந்தால் மொத்தம் 550ஆகிவிடும். தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500ஐத் தாண்டினால் தாண்டிய 50 யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101ஆவது யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை பொருந்தி, கீழ் ஸ்லாப்பின் சலுகை பறிபோகிறது. அழகாபுரம் குடியிருப்பில் சிலிண்டருக்கு மாறிய வீட்டுக்காரர்களுள் பலர் எனக்குக் காட்டியது கருகிய கம்பியை அல்ல, இரண்டு கரண்ட் பில்லை. சிக்கனமாக இருந்தவர்கள்தான் அந்த எல்லைக்கோட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சமையலுக்கு மின்சாரம் என்று ஓர் அரசு உண்மையாகவே விரும்பினால், கட்டட விதிக்குப் பக்கத்திலேயே இந்த 500 யூனிட் வாசலையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

சுற்றுச்சூழல் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு சிலிண்டர் எரிந்தால் வெளிவரும் கரியமில வாயு சுமார் 42 கிலோ. அதற்கு ஈடான 127 யூனிட்டை, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்ற இன்றைய நாட்டுச் சராசரியில் பெருக்கினால் 90 கிலோ வருகிறது. நிலக்கரியில் விளையும் மின்சாரத்தைக் கொண்டு இன்று சோறு சமைத்தால், புகை சமையலறையை விட்டு வெளியேறுகிறதே தவிர, உலகை விட்டு வெளியேறுவதில்லை. நம் மாவட்டத்தில் இதை யாரும் ஏட்டுக்கல்வியாக நினைக்க முடியாது. மேட்டூர் அனல்மின் நிலையம் 840 மெகாவாட் பழைய அலகுகளோடும் 600 மெகாவாட் புதிய அலகோடும் நம் கண்முன்னே நிற்கிறது. ஆனால் இந்தக் கணக்கு நிலையானதன்று. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது; சூரிய மின்சாரமும் ஆண்டுதோறும் கூடுகிறது. இன்று கட்டும் வீடு ஐம்பது ஆண்டு நிற்கும். அதற்குள் வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் கட்டமைப்பு எத்தனையோ முறை மாறிவிடும். மாறாமல் இருக்கப்போவது சுவருக்குள் இருக்கும் கம்பி ஒன்றுதான். ஆகவே இன்றைக்கே கேஸை நிறுத்து என்பதற்கு வலுவான வாதம் இல்லை. இன்றைக்கே கம்பியைப் போடு என்பதற்கு நிச்சயமாக இருக்கிறது.

கூரையில் சூரியத் தகடு போட்டால் கணக்கு உடனே மாறும் என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். தனி வீட்டுக்கு அது பெரிதும் உண்மை. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நம் ஊர் வெயிலில் அது நாளொன்றுக்கு 12 யூனிட் தரும். அடுக்குமாடியில் அப்படி நடக்காது. கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்ற கணக்கில் 16 வீட்டுக்கும் 4,800 சதுர அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் அறையும் போக அந்த மொட்டை மாடியில் அதில் பாதிகூட மிஞ்சவில்லை. தவிர, தகடு தருவது நண்பகலில். இட்லி வேகுவது காலை ஏழு மணிக்கு.

பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கொள்கை வகுப்போர் இதைப் பேசுவதே இல்லை. பன்னிரண்டு அங்குல இரும்புத் தோசைக்கல்லை ஏழு அங்குலச் சுருள் கொண்ட தட்டின் மேல் வைத்தால், நடுவில் மாவு சிவந்து கருகும்போது ஓரம் வெள்ளையாகவே நிற்கும். அலுமினிய இட்லிக் குண்டானும் பித்தளைப் பானையும் அதில் சூடாகவே ஆகா. குழிந்த வாணலி சரியாக உட்காராது. அந்த 16 வீட்டிலும் கல்யாணச் சீராக வந்த பாத்திரங்கள் பரணுக்குப் போக வேண்டியிருந்தது. அகலச் சுருள் உள்ள அடுப்பைக் கொடுத்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். ஆனால் அதற்கு இன்னும் அதிக லோடு வேண்டும்; மறுபடியும் கம்பிக்கே வந்து நிற்கிறோம்.

இதே காலத்தில் ஏற்காட்டில் ஆறு அறை கொண்ட ஒரு தங்கும் விடுதிக்கும் நான் மின்வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்தான் எனக்குப் பல விஷயங்கள் விளங்கின. சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக குக்கர் இல்லாமல் முடியாது. எரிபொருள் எதுவாக இருந்தாலும் சமையல் நேரம் கூடும். சேலத்திலிருந்து சிலிண்டர் லாரி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். மார்கழியில் 15 பாகையில் இருக்கும் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்கு 42 பாகையாக்க, 100 லிட்டருக்கு 3 யூனிட்டுக்கு மேல் செலவாகும். விடுதிக்காரர் முதலில் சொன்னது விறகுப் பாய்லர். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைக் கவாத்து செய்தால் விறகுக்குப் பஞ்சமில்லை. நான் வெப்ப ஏற்றியைச் சொன்னேன். அது மின்சாரத்தை வெப்பமாக்குவதில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பி வைத்ததுபோல, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. ஒரு யூனிட் கொடுத்தால் இரண்டரை முதல் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். மதிய வெயிலில் காற்று சற்று சூடாக இருக்கும்போது ஓடவிட்டு, உறையிட்ட தொட்டியில் சேர்த்துவைத்தால் மறுநாள் காலை வரை போதும். தொடக்கத்திலேயே மும்முனை இணைப்பு கேட்டுப் பெற்றோம். சமையலறைக்கும் வெப்ப ஏற்றிக்கும் தனித்தனிச் சுற்று இழுத்தோம். அங்கே எம்.சி.பி. விழுந்ததாக இன்றுவரை புகார் இல்லை.

ஆனாலும் அந்தச் சமையலறையில் ஒரு கேஸ் அடுப்பை, வெளிச்சுவர் ஓரமாக, சரியான மாடத்தோடு விட்டுவைத்தோம். மழைக்காலத்தில் மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தால் மலையில் மின்சாரம் திரும்ப மணிக்கணக்காகலாம். அந்த நேரத்தில் விருந்தினருக்குக் காப்பி கொடுத்தாக வேண்டும். ஏற்காட்டுக் கட்டடங்களுக்கு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கண்காணிப்பும் உண்டு. மரம் வெட்டுவதையும் சரிவைத் தோண்டுவதையும் பார்க்கும் அமைப்புக்கு, விறகு எரிக்காத வெந்நீரைப் பற்றிக் கேட்பதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

மீண்டும் அழகாபுரத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வீட்டையும் 7 கிலோவாட் மும்முனை இணைப்புக்கு உயர்த்த வேண்டும், அடுப்புக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனிச் சுற்றும் தனி எம்.சி.பி.யும் வேண்டும், கீழிருந்து மாடிக்கு ஏறும் அலுமினியக் கேபிளையும் மீட்டர் பலகையையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். கட்டும்போதே செய்திருந்தால் வீட்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கும் உள்வேலை இது. இப்போது பூச்சுக்குள் இருக்கும் குழாயில் ஏற்கெனவே கம்பிகள் நெருக்கமாக இருந்ததால், புதுக் கம்பியை நுழைக்க முடியவில்லை. ஒரு வீட்டில் அரை நாள் ஸ்பிரிங்கை விட்டு இழுத்தும், வளைவைத் தாண்டி வரவில்லை. கடைசியில் டைல்ஸின் மேல் பி.வி.சி. பட்டி ஒட்டித்தான் கொண்டுபோனோம். மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய வளர்ச்சிக் கட்டணம் தனி. பொதுக் கேபிளுக்கு எல்லோரும் பங்கு கொடுத்தார்கள். வீட்டுக்குள் கம்பி மாற்ற ஒப்புக்கொண்டவை ஒன்பது வீடுகள். மற்ற ஏழு வீட்டுக்கு, சிலிண்டரைத் துவைக்கும் அறையிலிருந்து எடுத்து, தரையோரம் துளையிட்ட மாடம் அமைப்பதை முதல் வேலையாகச் செய்தோம்.

இதற்கு முன்மாதிரி தேடி நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2003இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அதன் பிடி கட்டட அனுமதியில்தான் இருந்தது. வரைபடத்தில் குழி காட்டாமல் அனுமதி இல்லை என்றானதும் கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் அது பழகிப்போனது. சான்றிதழுக்காகத் தோண்டி மண் மூடிய குழிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் வரைபடத்தில் கேட்டால் மட்டும் போதாது, மின் இணைப்பு தரும்போது மின்சுற்றையும் பார்க்க வேண்டும் என்கிறேன். பணி நிறைவுச் சான்றிதழை மட்டும் நம்பினால், அதிலிருந்து விலக்குப் பெற்ற சிறு வீடுகள் நழுவிவிடும். சேலத்தில் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை அவையே. எல்லா வீடும் தப்பாமல் கடந்துபோகும் ஒரே வாசல் மின் இணைப்பு விண்ணப்பம்தான். சமையலறைக்குத் தனிச் சுற்று இருக்கிறதா, எத்தனை சதுர மில்லிமீட்டர், அடுப்பைச் சேர்த்துக் கணக்கிட்ட லோடு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை அதில் கேட்டாலே போதும். கேஸ் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது வீட்டுக்காரர் விருப்பம்; வைத்தால் காற்றோட்டமுள்ள மாடம் கட்டாயம்.

அந்தக் கட்டுநர் இப்போது சூரமங்கலத்தில் அடுத்த குடியிருப்பைத் தொடங்குகிறார். மின்வரைபடத்தை இம்முறை என்னிடம் கொடுத்திருக்கிறார். 12 வீட்டுக்கும் 7 கிலோவாட் மும்முனை, சமையலறைக்குத் தனிச் சுற்று, தரையோரத் துளையோடு ஒரு மாடம் என்று குறித்துக் கொடுத்தேன். அனுமதிக்காக அவர் தயாரித்த தாள்களில் மழைநீர்க் குழிக்கு அளவோடு ஒரு தனி விவரம் இருந்தது. சமையலறைச் சுற்றைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் வேண்டுகோளின் பேரில், மின்வரைபடத்தை அவர் கடைசித் தாளாகச் சேர்த்து இணைத்திருக்கிறார்.